மணப்பந்தலில் யாருடைய குரல்?

கலை விமர்சனம் என்றவுடன் நாவலையும் சிறுகதையையும் கவிதையையும் மட்டும் எடுத்துப் பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆயினும், நமது மக்களிற் பெரும்பாலோர் தம் வாழ்நாளில் திரும்பத் திரும்ப நேரிற் கண்டும் கேட்டும் அனுபவிக்கும் கலை நிகழ்ச்சி கலியாண வீடேயாகும். அங்கே இசை உண்டு; ஒப்பனை உண்டு; தலைமுறை தலைமுறையாக வந்த வசனம் உண்டு; பங்கு கொள்வோரும் பார்த்திருப்போரும் உண்டு. எனவே அதனையும் விமர்சன நோக்கோடு அணுகுதல் தவறாகாது. அதன் ஒரு சிறு கூறாகிய ஒலிபெருக்கியை மட்டும் நாம் இங்கு எடுத்துக்கொள்கின்றோம். சிறு கூறுதான்; எனினும் சமுதாயத்தின் உறவுகள் அதனுள்ளே எவ்வாறு ஒடுங்கிக் கிடக்கின்றன என்பது சற்று உற்றுக் கேட்டால் விளங்கும்.

ஒலிபெருக்கி மிகப் பழைய கருவியன்று. இன்று உலகெங்கும் வழங்கும் அசையும் சுருள் வகை ஒலிபெருக்கிக்கு அடிப்படையான வடிவத்தை அமெரிக்காவில் ரைஸ், கெலொக் என்னும் இருவர் 1925ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதே ஆண்டு டிசம்பரிற்றான் கொழும்பில் வானொலி ஒலிபரப்பு முறைப்படி தொடங்கிற்று. அதன் பின் சில பத்தாண்டுகளுள் கூம்பு வடிவான ஒலிபெருக்கி நமது கிராமங்களின் தென்னை மரங்களில் ஏறி அமர்ந்துகொண்டது. சிலாபத்திலிருந்து உடப்பு, முந்தல், புத்தளம் வழியாகக் கற்பிட்டி வரை நீளும் கரையோரத்திலும் கலியாணம் என்பதை அயலார்க்கு அறிவித்தது இக்கூம்பேயாகும். அதன் வாய் பந்தலில் இருந்த விருந்தினரை நோக்கி இருந்ததில்லை. அயற்கிராமத்தை நோக்கியே இருந்தது. இதிலிருந்தே அதன் பணி யாதென்பது புலனாகும். கேட்க வந்தவர்க்குக் கேட்கச் செய்வது அதன் நோக்கமன்று; வராதவர்க்கும் வீட்டின் வசதியை முழங்குவதே அதன் நோக்கம். சீதனத்தின் தொகையைச் சபையில் வெளிப்படையாகச் சொல்லக் கூசுவோரும் ஒலிபெருக்கியின் எண்ணிக்கையால் அதனைச் சொல்லிவிடலாம் அன்றோ?

இவ்வாரவாரத்துக்கு ஓரளவு கடிவாளம் இட்டது சட்டமாகும். வெலிகமை வழக்கில் 2007ஆம் ஆண்டு இலங்கை உயர் நீதிமன்றம் வழங்கிய கட்டளை, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்குவதைத் தடுத்தது. ஒருவர் கேட்க விரும்பாத ஒலியை அவர் காதில் வலிந்து திணிக்க எவர்க்கும் உரிமை இல்லை என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது. நோயாளிக்கும், பரீட்சைக்குப் படிக்கும் மாணவனுக்கும், விடியுமுன் கடலுக்குப் போகவேண்டிய தொழிலாளிக்கும் இது பேருதவி என்பதில் ஐயமில்லை.

இனி, அண்மைக் காலத்தில் வந்துள்ள மாற்றத்தை நோக்குவோம். ஒலிபெருக்கி முழங்கவேண்டும் என்று கேட்ட வீட்டார், இப்பொழுது அது கண்ணிற் படவே கூடாது என்று கேட்கின்றனர். கூம்பு போய் ஒல்லியான தூண் வடிவப் பெட்டிகள் வந்துள்ளன. ஐயரின் முன்னே நின்ற பெரிய ஒலிவாங்கி போய், சட்டையிலோ சால்வையிலோ செருகத்தக்க நகக்கண் அளவான ஒலிவாங்கி வந்துள்ளது. கம்பிகள் பாயின் கீழும் பந்தற்கால்களின் பின்னும் ஒளிகின்றன. சடங்கின் அமைதி கெடாது சபை முழுவதும் கேட்கவேண்டும் என்பதே இதன் காரணமானால் நாம் அதனை வரவேற்போம். ஆனால் பல இடங்களில் காரணம் வேறு. படப்பிடிப்பிற் பெட்டியும் கம்பியும் விழலாகாது என்பதே அது. காதின் பொருட்டு வந்த கருவி கண்ணின் பொருட்டு மறைக்கப்படுகின்றது. மறைத்தபின் காதுக்கு என்ன கிடைத்தது என்று எவரும் கேட்பதில்லை.

மறைவாக அமைத்தல் இழிவான வேலையன்று; நுட்பமான கலை அது. திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலியின் அழுத்தம் பாதியாகும். அளவுகோலில் 6 டெசிபல் குறையும். ஆதலால் ஒரே பெட்டியை உரக்க வைத்தால் முன்வரிசைக்காரர் காதைப் பொத்துவர், பின்வரிசைக்காரர் கையைச் செவியில் வைத்துச் சாய்வர். சிறு பெட்டிகள் பலவற்றைக் கேட்போரின் அருகே தாழ்ந்த அளவில் வைத்தாலோ, ஒலி எங்கிருந்து வருகின்றது என்பதே தோன்றாமற் பேச்சுத் தெளிவாக விளங்கும். ஒலி ஒரு விநாடியில் ஏறக்குறைய 340 மீற்றர் செல்லும். எனவே 34 மீற்றர் தள்ளி வைத்த இரு பெட்டிகளில் ஒன்றின் ஒலி மற்றதனினும் பத்தில் ஒரு விநாடி பிந்தி வந்து சொல்லைக் குழப்பும். பின்பெட்டியை அதற்கேற்பத் தாமதப்படுத்த வேண்டும். பெட்டியின் ஒலி ஒலிவாங்கியினுள் மீண்டும் புகுந்தால் ஊளை பிறக்கும். ஆகவே பெட்டிகள் பேசுபவருக்கு முன்னே, சபையை நோக்கி நிற்கவேண்டும். அழகுக்காகத் தடித்த துணியாற் பெட்டியை மூடினால் மெல்லோசைகள் மடிந்து பேச்சு மழுங்கும். மெல்லிய துணியே தகும்.

இக்கரையோரத்துக்கு மேலும் சில இடர்கள் உண்டு. வருடத்தின் நடுப்பகுதியிற் கற்பிட்டித் தீபகற்பத்தின்மேல் வீசும் தென்மேற்குக் காற்று ஒலிவாங்கியின் முகத்தில் அடித்து இடிபோல முழங்கும்; பஞ்சுறை இன்றி அங்கே பேச்சைப் பிடிக்க முடியாது. உப்புக் காற்று இணைப்புகளை அரிக்கும். ஓமப் புகை ஒலிவாங்கியின் மெல்லிய தகட்டுக்கு ஆகாது. மணமகளின் மார்பில் ஒலிவாங்கியைச் செருகினால் சங்கிலியும் பதக்கமும் உரசும் ஓசை அவள் குரலை மூடிவிடும். பொன் அதிகமானால் பெண்ணின் குரல் கேளாது என்பது இங்கே பௌதிக உண்மையாகவும் இருக்கின்றது!

நாதசுரத்துக்கும் தவிலுக்கும் ஒலிவாங்கி தேவையா என்னும் வினாவும் எழுகின்றது. அவை கோயில் வீதியிலே, திறந்த வானத்தின் கீழே, திரண்ட மக்களுக்காக வளர்ந்த வாத்தியங்கள். இலங்கையின் தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தி (1933–1975) போன்றோரின் கலை வெறும் உரத்த ஓசையினாற் புகழ் பெற்றதன்று. கணக்கின் நுட்பத்தினாலும் நாதத்தின் தெளிவினாலும் பெற்ற புகழ் அது. சாதாரண பந்தலில் அவ்வாத்தியங்களின் முன்னே ஒலிவாங்கியை நிறுத்துவது, சூரியனுக்கு விளக்குப் பிடிப்பதை ஒக்கும். தாலி கட்டும்பொழுது கெட்டிமேளம் முழங்குவதன் கருத்தையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். அவவேளையில் எழக்கூடிய வேண்டாத ஒலிகளைக் கேளாமற் செய்வதற்கே அது முழங்குகின்றது என்பர். அஃதாவது, எது கேட்கவேண்டும், எது கேட்கக்கூடாது என்று தீர்மானிக்கும் ஒலியமைப்பு நமது கலியாணத்தில் மின்சாரம் வருமுன்னரே இருந்தது. இதனை மனத்திற் கொண்டே நாம் அடிப்படையான வினாவுக்கு வருகின்றோம்: மணப்பந்தலில் யாருடைய குரல் கேட்கின்றது?

இக்கரையிலே மூவகைக் கலியாணங்களைக் காணலாம். உடப்பு, முன்னேஸ்வரம் முதலிய இடங்களின் சைவக் கலியாணத்தில் ஐயரின் மந்திரம் ஒலிவாங்கி மூலம் கேட்கின்றது. மணமகளின் தந்தை குலமுறை சொல்லித் தாரை வார்ப்பதும் கேட்கின்றது. மணமகளோ அம்மி மிதிக்கின்றாள், அருந்ததி பார்க்கின்றாள், தலை குனிகின்றாள். சபை கேட்கத் தன் சொந்தச் சொல்லாக அவள் எதனையும் சொல்வதில்லை. வடமொழி மந்திரத்தை எத்துணை நுட்பமான கருவியாற் பெருக்கினாலும், அதன் பொருள் அறியாதார்க்கு ஓசையே பெருகும், பொருள் பெருகாது. இதே பெண் 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி பதிவாளர் முன்னே தன் சம்மதத்தைச் சொல்லிக் கையொப்பம் இடுகின்றாள். அவள் பேசும் அந்தக் கணத்தில் ஒலிவாங்கி எங்கே? பெரும்பாலும் அடுத்த நாளின் வாடகைக்காக அது பெட்டிக்குள் அடைக்கப்பட்டிருக்கும், அல்லது இன்னும் வந்து சேர்ந்திராது.

புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளின் முஸ்லிம் மக்களிடையே, 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கே வாழ்வைத் திரும்பக் கட்டியெழுப்பியோரும் அடங்குவர். நிக்காஹ் நிகழும்பொழுது மணமகளின் பொறுப்பாளரான வலியும் மணமகனும் சொல்லும் சொற்கள் ஒலிவாங்கியிற் கேட்கின்றன. மணமகள் வீட்டிலோ மண்டபத்தின் வேறொரு பகுதியிலோ இருப்பாள். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் இயற்றப்பட்டபொழுது பதிவேட்டில் மணமகளின் கையொப்பத்தைக் கோரவில்லை. இதனை மாற்றவேண்டும் என்று கோரியவருள் முன்னின்றோர் முஸ்லிம் பெண்களே. 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைக்கப்பட்ட குழு தன் அறிக்கையைக் கையளிக்க 2018 ஆயிற்று. ஒன்பது ஆண்டுகள்! மணமகளின் சம்மதம் வேண்டும் என்பது அம்மார்க்கத்தார்க்குப் புதிய செய்தியன்று. அது பதிவேட்டிலும் சபையிலும் வெளிப்படவேண்டும் என்பதே வேண்டுகோள். பெண்கள் பகுதியில் ஒரு சிறு ஒலிபெருக்கி இருந்தால் தன் நிக்காஹ்வின் சொற்களை அவள் உடனே கேட்பாள். அங்கே ஒரு சிறு ஒலிவாங்கியும் இருந்தால், அவள் சம்மதிப்பதைச் சபையும் கேட்கும். இதனைச் செய்யவிடாது தடுப்பது மின்சாரவியல் அன்று. மனிதர் இட்ட தடையே.

கத்தோலிக்கத் தேவாலயத்தின் நிலை சற்று வேறு. அங்கே மணமகனும் மணமகளும் இருவருமே தம் வாயாற் சம்மதம் சொல்லவேண்டும். சொல்லாவிடில் திருமணம் இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட வழிபாட்டு ஏடு மக்கள் மொழிகளுக்கு இடமளித்தபின், அச்சம்மதம் சபைக்குப் பொருள் விளங்கும் சொல்லாயிற்று. ஆயினும் இங்கும் ஒரு சிக்கல் உண்டு. நீர்கொழும்பு முதற் சிலாபம் வரையுள்ள கரையோரக் கத்தோலிக்கருட் பலர் இருபதாம் நூற்றாண்டில் தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறியவர்கள். பேத்தி சிங்களத்திற் சொல்லும் சம்மதம் ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்டும், தமிழ் மட்டும் அறிந்த கிழவிக்கு விளங்காத வீடுகள் இருந்திருக்கும். ஒலியின் தூரத்தைக் கருவி குறைக்கும். மொழியின் தூரத்தை மனிதரே குறைக்கவேண்டும். இரு மொழியிலும் சம்மதம் சொல்லிவிட்டால் கிழவியும் மகிழ்வாள்; எவர்க்கும் நட்டமில்லை.

தமிழகத்தின் அனுபவத்தையும் இங்கு ஒப்புநோக்கலாம். சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமுறையாக்கிய 1967ஆம் ஆண்டின் திருத்தம், இருவரும் தமக்கு விளங்கும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்வதையே திருமணமாக ஏற்றுக்கொண்டது. சொல் அங்கே சடங்கின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தது. ஆயினும் அம்மேடைகளிலும் தலைவர்கள் நெடுநேரம் முழங்கி, மணமக்களுக்கு இரண்டு வாக்கியங்களை விட்டுவைத்த கலியாணங்கள் பல. முற்போக்கு மேடையாயினும் ஒலிவாங்கி யார் கையில் இருக்கின்றது என்று கேட்கத்தான் வேண்டும்.

இன்னொன்று. கருவியை மறைப்பது வேறு, அதனை இயக்கும் தொழிலாளியை மறைப்பது வேறு. விடியற்காலையில் வந்து, பாயைத் தூக்கிக் கம்பி பதித்து, காற்றோடும் உப்போடும் போராடி, எல்லாரும் உண்டபின் கடைசிப் பந்தியில் உட்காரும் இளைஞனை எவரும் ஒரு கலைஞனாகக் கருதுவதில்லை. ஊளை எழுந்தால் மட்டும் சபை அவனைத் திரும்பிப் பார்க்கின்றது. எழாத வரையில் அவன் இல்லாதவன். நுரைச்சோலையில் 2011இல் மின் உற்பத்தி தொடங்கிய அனல்மின் நிலையத்தின் ஒளியை நாடு முழுவதும் நுகர்கின்றது. அதன் நிழலில் வாழும் மீனவரை நாடு நினைப்பது அரிது. இரண்டும் ஒரே வகைப் பாராமுகமே.

மறைத்தலுக்கு ஓர் எல்லையும் உண்டு. செருகும் ஒலிவாங்கி எப்பொழுது திறந்திருக்கின்றது, எப்பொழுது மூடியிருக்கின்றது என்பது அதனை அணிந்தவர்க்குத் தெரிந்திருத்தல் வேண்டும். தாயின் காதில் மகள் மெல்லச் சொன்ன சொல்லைச் சபைக்குப் பெருக்கிவிடுவது ஒலியமைப்பு அன்று, அது ஒற்றுவேலை. கண்ணுக்கு மறைவாக இருக்கலாம். அணிந்தவரின் அறிவுக்கு மறைவாக இருத்தல் ஆகாது.

உடப்பின் கரைவலைத் தொழிலாளர் அம்பாப் பாடல் பாடி வலை இழுத்தனர். ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றையோர் சேர்ந்து ஏற்றனர். கடலின் இரைச்சலுக்கு நடுவே, எந்தக் கருவியும் இன்றி, கயிற்றின் கடைசி ஆளுக்கும் அது கேட்டது. அங்கே குரல் உயர்ந்தது பிறர் குரலை அடக்குவதற்கன்று. எல்லார் கையும் ஒரே கணத்தில் இழுப்பதற்காக. உழைப்பு வகுத்த இந்த ஒலியமைப்பே நமக்கு அளவுகோலாகட்டும்.

எனவே ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நமது வாசகர்க்கு நாம் வேண்டுவது சிறிது. உங்கள் வீட்டிலும் அயலிலும் கலியாணம் பேசப்படும்பொழுது, ஒலிபெருக்கி எத்தனை என்றும் அதை எப்படி மறைப்பது என்றும் கேட்பதற்கு முன்னர், அதில் மணமகளின் சொல் கேட்குமா என்று கேளுங்கள். ஒலி அமைக்க வரும் தொழிலாளியை முதற் பந்தியில் இருத்துங்கள். விளங்கும் மொழியில் இரண்டு சொற்களைச் சபை கேட்கச் சொல்வதற்கு மணமக்களைத் துணிவியுங்கள். உருவத்தை அழகாக்கும் ஆர்வம் நல்லதே. ஆனால் உள்ளடக்கம் ஊமையாக இருக்கும் வரையில், மறைந்திருக்கும் ஒலிபெருக்கி பழைய கூம்பின் புதிய வேடமாகவே இருக்கும்.