சாமந்தி வாங்கிய சூனியக்காரி

‘லாலி வில்லோஸ்’ பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் நேரே சாத்தானிடம் போய்விடுகிறார்கள். கடைசிப் பக்கங்களில் நாயகி லாரா அவனிடம் கொட்டித் தீர்க்கிறாளே, அந்த நீண்ட பேச்சுதான் நாவலின் உச்சம் என்கிறார்கள். நல்ல பேச்சுதான். பெண்ணுரிமைக் கட்டுரைகளில் எடுத்துப் போட வாகாகவும் இருக்கிறது. ஆனால் அதற்கு மட்டும் கைதட்டுவது, ஆலாபனை முழுக்கக் கதை பேசிவிட்டுத் துக்கடாவுக்குத் தலையாட்டுகிற காரியம். நாவலாசிரியர் சில்வியா டவுன்செண்ட் வார்னர் சூனியம் வைத்த இடம் வெகு முன்னாலேயே வந்துபோய்விடுகிறது. லண்டன் மாஸ்கோ சாலையில், பாதி பூக்கடையும் பாதி காய்கறிக்கடையுமாக இருக்கும் அந்தச் சின்னக் கடை.

அங்கே என்ன நடக்கிறது? ஒன்றுமில்லை. அண்ணன் ஹென்றி வீட்டில் ஏறக்குறைய இருபது வருஷம் ‘லாலி அத்தை’யாகவே காலம் தள்ளிய 47 வயது லாரா உள்ளே நுழைகிறாள். வீட்டுப் பக்குவத்தில் செய்த ஜாம் ஜாடிகள் கண்ணில் படுகின்றன. கடை மறைகிறது. இருட்டிக்கொண்டு வரும் பழத்தோட்டத்தில் ஒற்றை ஆளாக நின்று கிளைக்குக் கை நீட்டுகிறாள். கடைக்காரர் வந்து என்ன வேண்டும் என்கிறார். பெரிய பெரிய சாமந்தியாக வாங்குகிறாள். அவர் பீச் மர இலைக்கொத்துகளையும் சேர்த்துக் கொடுக்கிறார். இலையில் காட்டு வாசனை. எந்த ஊர் இலை என்று கேட்கிறாள். பக்கிங்ஹாம்ஷயர். அடுத்து சில்டர்ன் குன்றுகளுக்கு ஒரு வழிகாட்டிப் புத்தகமும் வரைபடமும் வாங்கிவிடுகிறாள். மந்திரம் பலித்துவிட்டது, சாத்தான் இன்னும் தலைகாட்டவே இல்லை! வினிகர் என்ற பூனைக்குட்டி கீறி, ரத்தத்தில் ஒப்பந்தம் முடிவதெல்லாம் மூன்றாம் பகுதியில். அதற்கப்புறமும் பெரிதாக என்ன? தங்க வந்த இன்னொரு அண்ணனின் மகன் டைட்டஸுக்குப் பால் திரிகிறது, குளவி கொட்டுகிறது.

1926இல் அமெரிக்காவின் ‘புக் ஆஃப் த மன்த் கிளப்’ தன் முதல் தேர்வாக அனுப்பிய நாவல் இதுதான். சாத்தானோடு உடன்படிக்கை செய்துகொண்ட முதிர்கன்னியைத் தபாலில் வாங்கி வாசித்தார்கள், பொறுமையாக. இன்றைக்குச் சொந்தமாகப் பதிப்பித்துக் கிண்டிலில் வந்து குவியும் சூனியக்காரி நாவல்களை நானும் விடாமல் படிக்கிறவன்தான். முதல் பக்கத்திலேயே நாயகியின் விரல்நுனியில் பொறி பறக்கிறது. மூன்றாம் அத்தியாயத்தில் ஓநாயாக மாறும் காதலன். எந்த மந்திரத்துக்கு எவ்வளவு சக்தி செலவாகும் என்று மின்வாரிய அட்டவணை மாதிரி ஒரு விதிமுறை வேறு. அவளுக்கு இதெல்லாம் ஏன் தேவைப்பட்டது என்பது மட்டும் ஏழு பாகம் போனாலும் தெரியாது.

டெர்ரி பிராட்செட் ரசிகர்கள் உடனே அவருடைய சூனியக்காரி கிரானி வெதர்வாக்ஸைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். நிறுத்தட்டும். முடிந்தவரை மந்திரத்தைத் தொடாதவள் அவள்; என் கட்சிக்காரி.

பூக்கடைக்கு அடுத்தபடியாக எனக்குப் பிடித்தது, லாரா கிளம்புகிறேன் என்றதும் அவள் பணத்தில் கணிசமான பகுதியைத் தப்பான முதலீட்டில் தொலைத்ததை ஹென்றி ஒப்புக்கொள்ளும் இடம். இன்றைய எழுத்தாளர் என்றால் அங்கேயே அவனைத் தவளையாக்கியிருப்பார். வார்னரின் லாரா மிச்சத்துக்குக் கணக்குப் பார்க்கிறாள். தனி வீடு, கழுதை என்ற ஆசைகளை விட்டுவிட்டு, கிரேட் மாப் கிராமத்தில் திருமதி லீக்கிடம் வாடகைக்கு அறை எடுக்கிறாள்.