எந்தத் தேதிக்குத் திரும்புவது?

1895இல் வெளிவந்த எச்.ஜி. வெல்ஸின் ‘கால இயந்திரம்’ தன் நாயகனை 802701ஆம் ஆண்டுக்கு அனுப்பியது. இன்றைய தமிழ்ப் படங்களின் ஆசை அதைவிடச் சிறியது. கைநழுவிய ஒரு நாளுக்குத் திரும்பினால் அவற்றுக்குப் போதும். ‘24’ (2016) படத்தின் கைக்கடிகாரம் ஒரு நாளைப் பின்னுக்குத் தள்ளுகிறது. ‘ஓ மை கடவுளே’ (2020) மணமுறிவின் வாசலில் நிற்பவனுக்கு இன்னொரு வாழ்க்கையை வாழ்ந்துபார்க்கக் கொடுக்கிறது. ‘கணம்’ (2022) 2019இல் இருக்கும் மகனை, அம்மா உயிரோடிருக்கும் 1998க்குக் கூட்டிப்போகிறது.

மூன்றிலும் ‘கணம்’ எனக்கு உயர்ந்து நிற்கிறது. அம்மாவைக் காப்பாற்ற மகன் படும் பாடு பலிப்பதில்லை. அவளோடு மறுபடி சில பொழுதுகள் இருக்கக் கிடைக்கிறது, அவ்வளவுதான். செய்த பிழையை அறிந்ததுமே உயிர்விட்ட பாண்டியனின் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த முடிவு அந்நியமாகத் தோன்றாது. இழப்பைத் துடைத்தழிக்காமல் அதனோடு வாழப் பழக்குவதே இவ்வகைக் கதையின் பெரிய வலிமை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. இக்கதைகளுக்கு ஒரு முடிச்சு வேண்டும்: ஒருவர், ஒரு நாள், ஒரு தவறான முடிவு. அதை அவிழ்த்துவிட்டால் மற்றதெல்லாம் தானே நேராகும் என்ற நம்பிக்கையில்தான் கதை ஓடுகிறது. எடுத்துக்காட்டாக, இலங்கையில் கண்டியின் வரலாற்றுக்கு முன்னால் அந்த நம்பிக்கை நிற்பதில்லை.

கண்டி அரசின் முதன்மை அமைச்சராயிருந்த எஹலேபொலவை எடுத்துக்கொள்வோம். மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை எதிர்த்து 1814இல் கிளர்ந்தார். தோற்று, ஆங்கிலேயரிடம் தப்பியோடினார். மன்னன் அவருடைய மனைவியையும் பிள்ளைகளையும் கொல்வித்தான். 1815 மார்ச் 2இல் ஆங்கிலேயருடன் ஒப்பந்தம் கையெழுத்தாகி இராச்சியமே பறிபோயிற்று. தனக்கு முடி கிடைக்கும் என்று எதிர்பார்த்தவரை 1818இல் தமக்கு எதிராக நடந்த கிளர்ச்சியின்போது ஆங்கிலேயரே சந்தேகித்துச் சிறைப்பிடித்தார்கள். 1829இல் மொரீசியஸில் இறந்தார். இவர் கையில் கால இயந்திரத்தைக் கொடுத்தால் எந்தத் தேதிக்குப் போவார்? பிள்ளைகளைக் காக்க வேண்டுமானால் பகை மூண்ட நாளுக்குப் போக வேண்டும். அந்தப் பகையை மூட்டியவர்களோ பலர்: தமக்குள் போட்டியிட்ட பிரதானிகள், யாரையும் நம்பாத மன்னன், கரையோரத்தில் காத்திருந்த பேரரசு.

இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்களின் சந்ததியான மலையகத் தமிழரின் வருத்தம் இதைவிட ஆழமானது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் அவர்களைப் பங்கிட்டார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. ஹந்தானையிலோ தெல்தோட்டையிலோ தோட்ட லயத்தில் இருந்த ஒரு குடும்பம் எந்த விண்ணப்பத்தில் கைநாட்டு வைப்பது? தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் கோத்தகிரியிலும் கூடலூரிலும் ‘சிலோன்காரர்’ ஆனார்கள். நின்றவர்கள் 1977, 1983 வன்செயல்களைக் கண்டார்கள். அண்ணன் போய்த் தம்பி நின்ற குடும்பங்களில், போயிருக்கலாம் என்ற பெருமூச்சு இக்கரையிலும், போகாமலே இருந்திருக்கலாம் என்ற பெருமூச்சு அக்கரையிலும் இருந்தது. பேரன் காலம் கடந்து போய்த் தாத்தாவின் விரலைப் பிடித்து நிறுத்தினாலும் என்ன பயன்? சரியான தெரிவு அந்தத் தாளிலேயே இல்லை. இரண்டு அரசுகள் செய்த அநியாயத்தை ஒரு குடும்பத்தின் பிழையான முடிவாகச் சுருக்கிவிடும் ஆபத்து இந்தக் கதைவடிவத்துக்குள்ளேயே இருக்கிறது. உண்மையில் கிடைத்த மறுவாய்ப்பு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். நின்றவர்களில் எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை வர 55 ஆண்டுகள் எடுத்தன.

வடிவத்தையே தூக்கி எறியவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒக்டேவியா பட்லர் 1979இல் எழுதிய ‘கின்ட்ரெட்’ நாவல் வேறொரு வழியைக் காட்டியது. 1976இல் கலிபோர்னியாவில் வாழும் கறுப்பினப் பெண் டானா, 19ஆம் நூற்றாண்டு மேரிலாந்தின் அடிமைத் தோட்டத்துக்குத் திரும்பத் திரும்ப இழுக்கப்படுகிறாள். அவளால் அந்த அமைப்பை அசைக்க முடிவதில்லை. தன் வம்சம் பிறக்கவேண்டும் என்பதற்காக அடிமைகளின் எஜமானையே காப்பாற்றுகிறாள்; கடைசியில் ஒரு கையை இழந்து வீடு சேர்கிறாள். வரலாறு அங்கே திருத்தப்படுவதில்லை, உடம்பில் உணரப்படுகிறது.

2023 ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. கோப்பித் தோட்டங்களுக்கு வந்த முன்னோர் நடந்த, பலர் வழியிலேயே மாண்ட பாதை அது. கண்டியிலும் மாத்தளையிலும் நாவலப்பிட்டியிலும் எழுதும் இளையவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: உங்கள் நாயகியை அந்தப் பாதைக்குத் திருப்பி அனுப்புங்கள். அவள் யாரையும் திருத்த வேண்டாம். யார் யார் கையெழுத்தால் அந்த மக்கள் அங்கே வந்தார்கள், யார் யார் கையெழுத்தால் பிரிக்கப்பட்டார்கள் என்பதைப் பார்த்துவந்து பெயர் சொல்லி எழுதட்டும்.