மஞ்சள் கோடு யாருக்கு?

சின்னாளப்பட்டியிலிருந்து காந்திகிராமப் பல்கலைக்கழகம் பக்கம்தான். அங்கே முதுகலை படிக்கும் தம்பி ஒருவன் அம்பேத்கரின் ‘இந்தியாவில் சாதிகள்’ ஆங்கில நகலோடு வீட்டுக்கு வந்தான். பள்ளிப்படிப்பு முழுக்கத் தமிழ்வழி. “வார்த்தையெல்லாம் டிக்‌ஷனரில பாத்துட்டேண்ணே. என்ன சொல்றார்னுதான் பிடிபடல. எனக்கு மண்டை அவ்வளவுதான் போல.”

பக்கமெல்லாம் மஞ்சள் கோடு. கோடிட்டவற்றில் பாதிக்கு மேல் அம்பேத்கர் மறுக்கிற ஆட்களின் கருத்துகள்!

1916 மே மாதம், 25 வயதில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் வாசித்த கட்டுரை அது. செனார், நெஸ்ஃபீல்ட், ரிஸ்லி, கேட்கர் நால்வரும் சாதிக்குத் தந்த வரையறைகளை முதலில் மரியாதையாக எடுத்து வைக்கிறார். பிறகுதான் பிரிக்கிறார். தீட்டு என்பது செனார் சொன்னது. அது சாதிக்கு அடிப்படை அல்ல என்கிறார். சேர்ந்து உண்ணாமை என்ற நெஸ்ஃபீல்டிடம், அது சாதியின் விளைவு, காரணமல்ல என்கிறார். ரிஸ்லியிடம் புதிதாக ஒன்றுமில்லை என்று தாண்டிவிடுகிறார். கேட்கரிடம் மட்டும் நிற்கிறார். கலப்புமணத் தடை, பிறப்பால் மட்டுமே உறுப்பினர் என்று கேட்கர் சொன்ன இரண்டும் உண்மையில் ஒன்றே என்று காட்டி, அகமணமே சாதியின் சாரம் என்ற தன் முடிவுக்கு வருகிறார்.

தம்பியின் செமினார் குறிப்பிலோ, சாதி என்றால் தீட்டு என்று அம்பேத்கர் சொன்னதாக இருந்தது. அவர் உடைத்த கருத்தை அவர் வாயிலேயே வைத்தாயிற்று. நானும் ஒரு காலத்தில் பரீட்சையில் இதே வேலையைச் செய்தவன்தான்.

‘முன்னுரையும் முடிவுரையும் படி, நடுவை மேலோட்டமாகப் பார்’ என்று எல்லோரும் சொல்லித்தருகிறார்கள். நேரம் மிச்சம், சரி. ஆனால் சண்டை நடப்பதே நடுவில்தானே?

இதற்கு உதவியது, மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து மறந்த நன்னூல். 13ஆம் நூற்றாண்டுப் பவணந்தி, நூல் எழுதுகிறவர் பிறர் கருத்தோடு கொள்ளும் உறவை ‘எழுவகை மதம்’ என்கிறார். உடன்படுவது, மறுப்பது, பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பிறகு களைவது, இருவர் மாறுபட்டால் ஒரு பக்கம் துணிவது என்று போகிறது பட்டியல். எழுதுகிறவருக்கான இலக்கணத்தை வாசிக்கிறவர் எடுத்துக்கொண்டால் என்ன? ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் ‘இது யார் குரல்? அம்பேத்கர் இதை என்ன செய்கிறார்?’ என்று பென்சிலில் எழுதச் சொன்னேன். கேட்கர் பத்தியில் ஏற்பும் திருத்தமும் ஒரே மூச்சில் வருவதால், அதை எந்த மதத்தில் சேர்ப்பது என்று எனக்கே குழப்பம். இரண்டையும் எழுதினோம்.

நாலு பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. தம்பி செமினார் குறிப்பின் முதல் பத்தியை அடித்தான்.

“அப்ப எனக்கு இங்கிலீஷ் பிரச்சினை இல்லையாண்ணே?”

“அதுவும் இருக்கு” என்றேன்.