காற்று பட்டால் தோலாகும் செல்கள்

ஆய்வகத்தில் மனிதத் தோலை அடுக்கடுக்காக வளர்ப்பவர்களின் கைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பனிக்கட்டி மேல் குளிர்ந்திருக்கும் கொலாஜன் கரைசலில் தோலின் உள்ளடுக்கைச் சேர்ந்த ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைக் கலக்கிறார்கள். ஒரு குமிழிகூட வரக் கூடாது. அதனால் பிப்பெட்டைக் கட்டைவிரல் கடைசிவரை அழுத்துவதில்லை. 37 டிகிரி வெப்பத்தில் அந்தக் கரைசல் இளநீர் வழுக்கை போல மெல்லக் கெட்டிப்படும். பிறகு செல்களே உள்ளிருந்து இழைகளைப் பற்றி இழுத்து அதை இறுக்கிக்கொள்கின்றன. அந்த வேலையை யாரும் அவற்றுக்குச் சொல்லித் தருவதில்லை!

அதன்மேல் தோலின் மேலடுக்கை உருவாக்கும் கெரட்டினோசைட் செல்களை விதைத்து, சில நாள் மூழ்கவைத்து, பின்பு மேற்பரப்பைக் காற்றுக்குத் திறந்துவிடும் கட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. உணவு அடியிலிருந்து மட்டும் வரும். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் கீழே நெட்டையான செல்கள், மேலே போகப் போகத் தட்டையானவை, உச்சியில் உட்கருவை இழந்து உலர்ந்த மெல்லிய ஏடுகள். ஈரமாகப் பளபளத்த பரப்பு மங்கி வெளுக்கும். அதுவரை ஊட்டத் திரவத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமையானாலும். உறிஞ்சும் முனை திசுவைத் தொடாமல் கிண்ணத்தின் ஓரமாகவே இறங்கும். முயலின் முதுகில் செய்துவந்த தோல் எரிச்சல் சோதனையை இன்று இந்தச் சிறு வட்டத் திசுவில் செய்ய முடிகிறது.