ஊமை ராணியின் முகமும் கோடிக்கரைக் கடலும்

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ திரைக்கு வந்தபோது தமிழகத்து வாசகர்கள் தஞ்சாவூரையும் பழையாறையையும் தேடினார்கள். யாழ்ப்பாணத்து வாசகரின் தேடல் வேறு. கோடிக்கரைக்கு நேரெதிரே கிடப்பது எங்கள் வடகரை. சோளகத்துக்கும் வாடைக்கும் ஏற்பப் பாய் விரித்து அந்தக் கடலைத் தலைமுறை தலைமுறையாகக் கடந்தவர்கள் இங்குள்ளவர்கள். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறை வரை போய்ச் சேர்ந்தது. ஈழத்தில் நடக்கும் இரண்டாம் பாகம் ‘சுழற்காற்று’ அதனால் எங்கள் பாகம். மணிரத்னத்தின் இரு படங்களையும் (2022 செப்டெம்பர், 2023 ஏப்ரல்) அந்தப் பாகத்தை வைத்தே எடைபோட வேண்டும் என்பது என் கட்சி. அப்படி எடைபோட்டால், படம் ஒரு முகத்தைக் கண்டெடுத்து ஒரு கடலைத் தவறவிட்டது தெரியும்.

முகம் மந்தாகினியுடையது. அந்த ஊமை ராணிக்குப் பேச்சும் இல்லை, செவியும் இல்லை. கல்கியோ பேச்சால் ஆன எழுத்தாளர். வாரந்தோறும் வாசகரைக் கைப்பிடித்து அழைத்துப்போன அந்தக் குரல்தான் அவருடைய முதல். பேசாத ஒருத்தியை எழுத்துக்குள் கொண்டுவர அவர் ‘சித்திரங்கள் பேசின’ என்று ஓர் அத்தியாயமே எழுதினார். அவள் கைப்பட்ட சித்திரங்களிலிருந்து அவளுடைய கதை விளங்குகிறது. அழகான உத்திதான், ஆனால் சித்திரத்தை விளக்க மறுபடியும் சொல்லே வேண்டியிருக்கிறது. படத்துக்கு அது வேண்டியிருக்கவில்லை. முதற் படத்தின் கடைசியில், புயலில் கப்பல் மூழ்க, நீருக்குள் கூந்தல் விரிய ஒரு முதியவள் நீந்தி வருகிறாள். முகம் தெரிகிறது: நந்தினியின் முகம். இரண்டு வேடத்தையும் ஐஸ்வர்யா ராயிடமே கொடுத்ததன் பலன் அந்தக் கணத்தில் கிடைக்கிறது. இரண்டரை மணி நேரமாகப் பழிவாங்கும் முகம் என்று நாம் பழகிவைத்த அதே முகம், இப்போது உயிர்காக்க வருகிறது. இருவருக்கும் ஒரே சாயல் என்று நாவல் எத்தனை தடவை சொன்னாலும் வாசகர் அதை நம்பத்தான் முடியும், காண முடியாது. தழுவல் என்றால் இதுதான்: மூலத்தின் சொல்லை விட்டுவிட்டு, அந்தச் சொல் தேடிய இடத்துக்குத் தன் வழியில் போய்ச் சேர்வது.

கடல் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. நாவலில் கோடிக்கரைப் பெண் பூங்குழலி இரவில் தனியே தோணி வலிக்கிறவள். கோடிக்கரைச் சதுப்பில் கொள்ளிவாய்ப் பிசாசுகள் எரிந்து அணைவதைப் பார்த்து, அவைதான் தன் காதலர்கள் என்கிறாள். அக்கரைக்கும் இக்கரைக்கும் நடுவே அவள் எல்லை எதையும் காண்பதில்லை. காற்றையும் நீரோட்டத்தையும் பார்க்கிறாள். படத்தில் ஏ. ஆர். ரஹ்மானின் ‘அலைகடல்’ பாட்டு மனத்தை விட்டு அகலாத பாட்டு, ரவிவர்மனின் ஒளிப்பதிவும் அதற்குக் குறைந்ததல்ல. ஆனால் தோணிப் பயணத்தின் தனிமையும் உழைப்பும் ஒரு பாட்டின் நீளத்துக்குள் அடங்கிவிடுகின்றன. கடலோடி மகள், நாயகன் வந்தியத்தேவனின் குறும்புப் பேச்சுக்குத் துணையாகிப் போகிறாள்.

ஐந்து பாகங்களை ஐந்தரை மணி நேரத்துக்குள் அடைக்கும்போது எதையாவது வெட்டத்தானே வேண்டும் என்பார்கள். வெட்டியதில் எனக்கு வருத்தமில்லை. மணிமேகலை இல்லாததையும், சேந்தன் அமுதனின் பிறப்பு இரகசியம் போனதையும் சரியான முடிவுகள் என்றே சொல்வேன். அவற்றை அவசரமாகச் சொல்வதைவிடச் சொல்லாமல் விட்டது மேல். ஆனால் மிஞ்சிய நேரம் எங்கே போனது? நாவலில் இல்லாத இராட்டிரகூடப் போர் ஒன்றுக்கு இரண்டாம் படத்தின் முடிவில் தாராளமாக இடம் கிடைத்திருக்கிறது.

இன்னொரு மறுப்பு இதைவிட வலியது. கல்கி காட்டிய ஈழமே கற்பனைதானே? ஈழத்துச் சிங்காதனம் தன்னைத் தேடிவந்தும் ஏற்காத அருள்மொழியை, பின்னாளில் இராஜராஜனாகும் இளவரசனை, கல்கி படைத்தார். வரலாற்று இராஜராஜனின் படையோ 993ஐ ஒட்டி அநுராதபுரத்தை அழித்துப் பொலன்னறுவையைத் தன் இருப்பிடமாக்கியது. ஈழத்து வாசகர் இதை அறியாதவர் அல்லர். ஆனாலும் மந்தாகினியையும் பூங்குழலியையும் கற்பனையிலிருந்து எடுத்த கல்கி, அவர்களை உலவவிட்ட கடலை நிஜத்திலிருந்து எடுத்தார். அந்தக் காற்றும் கலங்கரை விளக்கமும் சேறும்தான் அந்தக் கற்பனை மனிதர்களுக்குக் கால் ஊன்ற இடம் கொடுத்தன. படப்பிடிப்பைத் தாய்லாந்தில் தொடங்கியது குற்றமில்லை; எந்தக் கடலையும் நம் கடலாகக் காட்டலாம், அதில் தோணி வலிக்கிறவளின் கண்ணால் பார்த்தால். போருக்குக் கொடுத்த நேரத்தில் பாதியைப் பூங்குழலியின் துடுப்புக்குக் கொடுத்திருந்தால், அவளுடைய அத்தையான மந்தாகினி அந்தப் புயல் நீரில் அத்தனை இயல்பாக நீந்தியது எப்படி என்பது சொல்லாமலே விளங்கியிருக்கும்.