‘நாம்’, ‘நாங்கள்’: மன்னிப்புரைகளின் இலக்கணம்

தன்மைப் பன்மையைக் கற்பிக்கும் தமிழாசிரியர் எவரும் ஒரு வேற்றுமையைச் சொல்லாமல் விடுவதில்லை. கேட்போனையும் உடன் சேர்த்துச் சொன்னால் ‘நாம்’. அவனை விலக்கிச் சொன்னால் ‘நாங்கள்’. பழைய வழக்கில் வினைமுற்றே இதனைக் காட்டி நின்றது. அம், ஆம் என்னும் விகுதிகள் முன்னிலையாரை உளப்படுத்தும். எம், ஏம், ஓம் என்பன படர்க்கையாரை உளப்படுத்தும் என்பது நன்னூலார் கொள்கை. ‘செய்தாம்’ என்றால் கேட்போனும் உள்ளே. ‘செய்தேம்’ என்றால் அவன் வெளியே. இன்றோ ‘செய்தோம்’ என்பது இரண்டிற்கும் பொதுவாகிவிட்டது. ஆதலின் சுமையெல்லாம் பெயரின் தலையில் விழுந்தது. மலாய்க்காரரும் ‘கீத்தா’, ‘காமி’ என இவ்வாறே பிரித்து வழங்குவர். ஆங்கிலத்தில் மட்டும் ‘வி’ என்னும் ஒரே சொல் ஈரிடத்தும் நின்று உழைக்கிறது.

இது ஏதோ தேர்வுத்தாளுக்குரிய நுட்பம் என்று எண்ணுவோர், ஆஸ்திரேலியத் தலைவர்கள் அந்நாட்டுப் பூர்வகுடி மக்களை நோக்கி நிகழ்த்திய உரைகளைத் தமிழாக்க முயன்று பார்க்கலாம். முதல் வரியிலேயே எழுதுகோல் தயங்கி நின்றுவிடும்.

1992 ஜூன் 3-ஆம் நாள், மாபோ வழக்கில் அந்நாட்டின் தலைமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெள்ளையர் வந்திறங்கியபோது அது எவருக்கும் உரிமையில்லாத நிலம் என்று இருநூறு ஆண்டுகளாகச் சட்டம் சாதித்துவந்த பொய் அன்று சாய்ந்தது. வழக்குத் தொடுத்த எடி மாபோ அதனைக் கேட்க உயிரோடில்லை. அவ்வாண்டு ஜனவரியிலேயே மறைந்துவிட்டார். ஆறு திங்கள் கழித்து, டிசம்பர் 10-ஆம் நாள், சிட்னி நகரின் ரெட்ஃபெர்ன் பூங்காவில் பிரதமர் பால் கீட்டிங் பேசினார். கேட்கக் கூடியிருந்தோர் பெரும்பாலும் பூர்வகுடியினர். நிலம் பறித்தது, நோய் கொணர்ந்தது, கொலை புரிந்தது, மகவைத் தாயினின்று பிரித்தது என்று தொழில்களை ஒவ்வொன்றாக அடுக்கி, அத்தனைக்கும் ‘வி’ என்பதையே எழுவாயாக நிறுத்துகிறார் அவர்.

இதனைத் தமிழில் ‘நாம்’ என்று பெயர்த்தால் என்ன ஆகும்? பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் பறித்தவருள் ஒருத்தி ஆகிவிடுவாள்! ‘நாங்கள்’ என்பதே ஈண்டுப் பொருந்தும். கீட்டிங்கும் இதனை உணர்ந்தே இருந்தார் போலும். தாம் குறிப்பது பூர்வகுடியினர் அல்லாத ஆஸ்திரேலியரையே என்று சொல்லிவிட்டே பட்டியலுக்குள் புகுகிறார். தம் மொழியில் இல்லாத விகுதியை ஒரு தொடரால் ஈடுசெய்தார் எனலாம். முதலில் முணுமுணுத்து நின்ற கூட்டம் பின்னர்க் கைதட்டியதற்கு அவர் குரல் காரணமன்று, குரல் தட்டையானதே. வினைக்கு வினைமுதல் கிடைத்தமையே காரணம்.

வினைமுதலை ஒளித்துவைப்பது எப்படி என்பதற்கும் அந்நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1997-இல் மனித உரிமை ஆணையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. 1910 முதல் 1970 வரை, பூர்வகுடிக் குழந்தைகளுள் பத்தில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை குடும்பத்தினின்று வலிந்து பிரிக்கப்பட்டிருக்கலாம் என அது கணித்தது. 1999 ஆகஸ்ட் 26-ஆம் நாள் பிரதமர் ஜான் ஹோவர்டு கொண்டுவந்த நாடாளுமன்றத் தீர்மானம், பூர்வகுடியினர் அடைந்த அநீதிக்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது. மன்னிப்பு என்னும் சொல்லை நாடவில்லை. அதில் துன்பம் உண்டு, துன்புற்றோரும் உளர். துன்புறுத்தியோர் நிற்கவேண்டிய இடத்திலோ ‘முன்னைத் தலைமுறைகளின் நடைமுறைகள்’ என்னும் பொருளில் ஒரு தொடர் நிற்கிறது. நடைமுறைக்குக் கை உண்டோ, பிள்ளையைப் பிடித்து இழுத்துச் செல்ல?

ஒன்பதாம் ஆண்டில், 2008 பிப்ரவரி 13-ஆம் நாள், கெவின் ரட் அம்மன்னிப்பைக் கேட்டார். அவர் முன்மொழிந்த தீர்மானத்திலும் ‘வி’ மீண்டும் மீண்டும் வருகிறது. நாடாளுமன்றங்களும் அரசாங்கங்களும் இயற்றிய சட்டங்களுக்காக மன்னிப்புக் கேட்கும் இடங்களில் அது ‘நாங்கள்’. இறுதியில் எல்லா ஆஸ்திரேலியருக்கும் உரிய எதிர்காலத்தைப் பேசும்போது ‘நாம்’ ஆகிறது. எவ்விடத்தில் மாறியது என்பதை ஆங்கிலம் காட்டாது. மொழிபெயர்ப்போன் ஓரிடத்தில் கோடு கிழித்தே ஆகவேண்டும். முன்னே கிழித்தால் குற்றம் கரைந்துபோம். கிழிக்கவே மறந்தால் உறவு பிறவாது. தீர்மானத்தை விளக்கிய உரையில் அவர் பன்மையை விட்டு ஒருமைக்கு இறங்குகிறார். பிரதமராக, அரசின் சார்பில், நாடாளுமன்றத்தின் சார்பில் என்று மும்முறை ‘நான்’ வருகிறது. ஒளிய இடமில்லாத சொல் அது. இழப்பீட்டைப் பற்றித் தீர்மானம் வாய் திறவாதது குறையே. அக்குறையை இலக்கணம் தீர்க்காது.

‘சாரி’ என்னும் சொல்லும் இடர்ப்படுத்தும். ‘வருந்துகிறோம்’ என்றால் மழைக்கு விழா நின்றதற்கும் அதுதான். ‘மன்னியுங்கள்’ என்பதோ ஏவல் வினை. செய்யவேண்டிய தொழிலைத் துன்புற்றவன் தலையிலேயே வைக்கிறது. ‘பிழை செய்தோம்’ என்பது அகராதிப் பொருளுக்குச் சற்று விலகினும் உரையின் உள்ளத்திற்கு நெருங்கியது.

பெரிய உரைகள் எப்போதோ ஒருமுறை. அங்கே பள்ளிகளிலும் கூட்டங்களிலும் தொடக்கத்தில் சொல்லப்படும் ஒரு வாக்கியம் அன்றாடம் வருவது. கூடியிருக்கும் நிலத்தின் மரபுக் காவலரை நினைந்து மதிப்பளிக்கும் வாக்கியம் அது. அதில் பெரும்பாலும் இரண்டு ‘வி’ உண்டு. நிலத்தில் கூடியிருப்போர் ‘நாம்’. மதிப்பளிப்போர், அவையில் பூர்வகுடி மூத்தோர் இருப்பின், ‘நாங்கள்’. சிட்னியில் குடியேறிய தமிழர் இதனைத் தம் விழாவில் தமிழில் சொல்லப் புகுந்தால், அந்த ‘நாங்கள்’ தம்மையும் குறிக்குமா என்னும் ஐயம் எழும். விமானம் ஏறி வந்தவன் நிலம் பறித்தானா? இல்லை. பறிக்கப்பட்ட நிலத்தில் வீடு கட்டியிருக்கிறான்.

2017 மே திங்களில் உலுருவில் கூடிய பூர்வகுடிப் பேராளர்களின் அறிக்கை இவற்றுக்கெல்லாம் மறுதலை. அதில் ‘நாங்கள்’ அவர்கள். முடிவில் நாட்டு மக்கள் அனைவரையும் தம்மோடு நடக்க அழைக்கிறார்கள். குற்றம் செய்தோர் கேட்கவேண்டிய ‘நாம்’ என்னும் சொல்லைக் குற்றம் செய்யப்பட்டோர் நீட்டுகிறார்கள். அறிக்கை கோரிய ஆலோசனைக் குரலை அரசியல் சட்டத்தில் அமைக்க 2023 அக்டோபர் 14-ஆம் நாள் நடந்த பொதுவாக்கெடுப்பில் நூற்றுக்கு 60 பேர் மறுத்தனர். ஆறு மாநிலங்களுள் ஒன்றேனும் இசையவில்லை.

ஆஸ்திரேலியரைக் குறைகூறித் தமிழாசிரியர் ஏட்டை மூடிவிட இயலாது. நம் மாணவர் எழுதும் ஒற்றுமைக் கட்டுரைகளில் ‘மூவின மக்கள்’ என்னும் தொடர் தவறாமல் வரும். ‘நாம் அனைவரும் வந்து குடியேறியவர்களே’ என்னும் வாக்கியமும் மேடைகளில் முழங்கும். எல்லாரையும் உளப்படுத்தவே அந்த ‘நாம்’ எழுகிறது. எழும்போதே காட்டினுள் முன்பே வாழ்ந்த ஓராங் அஸ்லி மக்களை வெளியே நிறுத்திவிடுகிறது. அவர்களுள் ஒரு பிரிவினராகிய செமாய் மக்களின் மொழியிலும் ‘நாம்’, ‘நாங்கள்’ என்னும் வேறுபாடு உண்டு என்பது நினைக்கத்தக்கது. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையோரத்தில் பெத்தாயும் தேனும் விற்போர் அவர்களே. விலை பேசிவிட்டு வண்டியேறும் தமிழருள் சிலர் இன்றும் அவர்களைச் ‘சக்காய்’ என்பர். அடிமை, ஏவலாள் என்னும் பொருள் படிந்த அச்சொல்லை அரசாங்கம் 1960-களிலேயே கைவிட்டது. அவர்களையும் எண்ணினால் இனங்கள் மூன்றோடு நில்லா. சபா, சரவாக் மாநிலங்களின் பூர்வகுடியினரையும் எண்ணினால் கணக்கு இன்னும் நீளும்.