அரசனைக் கேள்வி கேட்கும் சரித்திரக் கதை
('வால்காவிலிருந்து கங்கை வரை' – ஒரு பார்வை)

சரித்திரக் கதை என்றதும் நம் காதில் முதலில் விழுவது குதிரைக் குளம்பொலிதான். வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் வந்துகொண்டிருப்பான். வாரப் பத்திரிகையில் வந்த கல்கியைப் பைண்டு செய்து, டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு டில்லிக்கும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயில் ஏறிய குடும்பங்கள் நம்மில் நிறைய உண்டு. அந்த ருசியைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. ஆனால், அந்தக் கதைகளை நகர்த்தும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: அடுத்து யார் அரசன்? அருள்மொழிவர்மன் மகுடத்தை விட்டுக்கொடுக்கும்போது நமக்குக் கண் கலங்குகிறது. மகுடம் எதற்கு என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

அதைக் கேட்ட சரித்திரக் கதைகளும் உண்டு. இந்தியில் ராகுல சாங்கிருத்யாயன் எழுதிய 'வோல்கா ஸே கங்கா' அவற்றுள் தலையாயது. 1942-இல் ஹஜாரிபாக் சிறையில் இருந்தபோது எழுதப்பட்டது. இதைத் தமிழுக்குக் கொண்டுவந்த கண. முத்தையாவும் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்து சிறை சென்றவர். ரங்கூன் சிறையில்தான் இதை மொழிபெயர்த்தார். விடுதலையைப் பேசும் புத்தகம் இரண்டு மொழியிலும் கம்பிகளுக்குப் பின்னால் உருவானது என்பது சாதாரண விஷயமில்லை.

மொத்தம் 20 கதைகள். கி.மு. 6000-இல் வால்கா நதிக்கரையில் தாய்வழிக் கூட்டம் ஒன்றில் தொடங்கி, 1942-இல் பாட்னாவில் முடிகிறது. ஒவ்வொரு கதையிலும் ஆட்கள் வேறு, காலம் வேறு. மாறாமல் வருவது ஒரு கேள்வி. மனிதன் மனிதனுக்கு எப்போது அடிமையானான், எந்தப் பொய்யை நம்பி அடிமையானான்?

இந்தக் கேள்வி கூர்மையாக வெளிப்படுவது 'பிரவாஹன்' கதையில். பிரவாஹண ஜைவலி சாந்தோக்கிய உபநிடதத்தில் வரும் பாஞ்சால மன்னர். உத்தாலக ஆருணி என்ற அந்தணருக்கே மறுபிறவி ரகசியத்தைக் கற்பித்தவர். ராகுல் இந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறார். மறுபிறவி என்பது ஞானத்தில் பிறந்ததா, ராஜதந்திரத்தில் பிறந்ததா? ஏழை ஏன் ஏழை என்று கேட்டால், போன ஜன்மத்து வினை என்று சொல்லிவிடலாம். அப்புறம் எவனும் அரண்மனையைப் பார்த்துக் கை நீட்ட மாட்டான். கதையில் மன்னன் இதை ஒளிக்காமல் தன் மனைவி லோபாவிடமே சொல்கிறான். லோபா ஒப்புக்கொள்வதில்லை. கணவன் மேல் உள்ள அன்பு ஒரு பக்கம், அவன் செய்யும் வஞ்சனை மேல் உள்ள அருவருப்பு ஒரு பக்கம். பெரிய சண்டை எதுவுமில்லை, வீட்டுக்குள் நடக்கும் பேச்சுதான். ஆனாலும் போர்க்களக் காட்சியைவிட விறுவிறுப்பாக இருக்கிறது.

சும்மா சொல்லக்கூடாது, இங்கே ராகுலோடு நாம் வாதாடவும் வேண்டும். உபநிடதம் முழுவதையும் அரசன் செய்த சூழ்ச்சி என்று ஒரே வரியில் முடித்துவிட முடியுமா? யாக்ஞவல்கியரைக் கார்க்கி என்ற பெண் சபை நடுவே கேள்வி மேல் கேள்வி கேட்டதையும், மேலும் கேட்டால் தலை விழுந்துவிடும் என்று அவர் எச்சரித்ததையும் மறைக்காமல் எழுதிவைத்தது அதே உபநிடத மரபுதான். பகுத்தறிவைப் பேசும் ஆசிரியரையும் பகுத்தறிவோடு படிப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.

எனக்கு மிகவும் பிடித்தது 'நாகதத்தன்'. காலம் கி.மு. 335. தட்சசீலத்தில் இரண்டு நண்பர்கள். ஒருவன் வைத்தியன் நாகதத்தன், மற்றவன் விஷ்ணுகுப்த சாணக்கியன். அரசனில்லாமல் சபை கூடி ஆளும் கணராஜ்யமே மனிதனுக்கு ஏற்றது என்கிறான் நாகதத்தன். பாரசீகம் போன்ற பேரரசுகள் வளரும்போது சின்னச் சின்னக் கணங்கள் தாக்குப்பிடிக்காது, பெரிய ராஜ்யம் வேண்டும் என்கிறான் சாணக்கியன். இரண்டுமே நியாயமாகப் படுகிறது. வரலாற்றில் ஜெயித்தவன் யார் என்று நமக்குத் தெரியும். தோற்ற பக்கத்தின் நியாயத்தை இவ்வளவு பரிவோடு சொல்லும்போதுதான் சரித்திரக் கதை இலக்கியமாகிறது. எதிராளிக்கும் நல்ல வசனம் கொடுத்தால்தான் வாதத்துக்கு மதிப்பு.

எல்லாக் கதைகளும் இந்த உயரத்தில் இல்லை. காலம் நெருங்க நெருங்க, பாத்திரங்கள் பேச்சைக் குறைத்துப் பிரசங்கத்தைக் கூட்டுகிறார்கள். கடைசிக் கதைகளான 'சஃப்தர்', 'சுமேர்' இரண்டிலும் மனிதர்களைக் காணோம், கட்டுரைகள்தான் நடமாடுகின்றன. அக்பர் காலத்து 'சுரையா' மட்டும் தப்பிக்கிறது. அபுல் ஃபஸலின் மகளும் தோடர்மாலின் மகனும் மதம் கடந்து மணம் செய்வதாக வரும் கற்பனை, இன்று படித்தாலும் மனசைத் தொடுகிறது.

சரித்திர ஆதாரம் என்று பார்த்தால், அவர் எழுதியது 1940-களின் அறிவைக் கொண்டு. புல்வெளிப் பகுதியிலிருந்து மக்கள் வந்தது பற்றி இன்று மரபணு ஆய்வுகள் பேசுகின்றன. ஆனால் அவர் போட்ட காலக் கணக்கையும் நேர்க்கோட்டு வம்சாவளியையும் அப்படியே ஏற்க முடியாது. இதைப் பாடப்புத்தகமாகப் படிக்காமல் கதையாகத்தான் படிக்க வேண்டும்.

தமிழ் வாசகனுக்கு இன்னொரு மனக்குறையும் வரும். 20 கதைகளில் காவிரிக்கரையில் நடக்கும் கதை ஒன்றுகூட இல்லை. இத்தனைக்கும் ராகுல் தெற்கை அறியாதவரல்ல. இளம் வயதில் வைணவ சாதுவாகத் திருமழிசைக்கு வந்து மடத்தில் தங்கியவர். பிற்காலத்தில் அவர் திபெத்திலிருந்து மீட்டுக் கொடுத்த தர்க்க நூல்களில் ஒன்று தர்மகீர்த்தியின் 'பிரமாணவார்த்திகம்'. அந்தத் தர்மகீர்த்தியைத் தென்னாட்டவர் என்கிறது திபெத்திய மரபு.

விட்ட இடத்தை நாம்தான் நிரப்ப வேண்டும். நம்மிடம் சரக்கு இல்லாமலில்லை. மூவேந்தரும் சேர்ந்து பறம்பு மலையை முற்றுகையிட்டார்களே, அது பேரரசுக்கும் சிறுகுடிக்கும் நடந்த வழக்குதானே? சு. வெங்கடேசன் 'வேள்பாரி'யில் அதைத்தான் எழுதினார். சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் போய் உன் கொள்கை என்ன என்று விசாரிக்கிறாள் மணிமேகலை. அதைவிடப் பெரிய கதாநாயகி யார்? ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை வைத்துக்கொண்டு, அரண்மனைக்கு வெளியே இருந்த சாதாரண மனிதர்களையும் பார்த்து எழுதினார் பிரபஞ்சன். அவருடைய 'வானம் வசப்படும்' 1995-இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றது.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இந்தப் புத்தகத்தில் ஒரு தனி வசதி உண்டு. நம்ம பிள்ளைகள் பள்ளியில் இந்தி படிக்கிறார்கள். தமிழில் முன்னூறு பக்கம் என்றால் ஓடிப்போகிறார்கள். அவர்கள் மூலத்தைப் படிக்கட்டும், நாம் முத்தையாவின் தமிழைப் படிப்போம். ஒரே கதையை இரண்டு மொழியில் படித்துவிட்டு, சாணக்கியன் சொன்னது சரியா, நாகதத்தன் சொன்னது சரியா என்று சாப்பாட்டு நேரத்தில் சண்டை போடலாம். பிள்ளை அப்பாவை எதிர்த்துப் பேசினால் கோபித்துக்கொள்ள வேண்டாம். லோபா செய்ததும் அதைத்தான்.